காரின் ஆஃப்டர்மார்க்கெட் விளக்குகளுக்குள் ஈரம்: அறிகுறியை வைத்துக் காரணம் கண்டு நீக்கும் முறை

விளக்கின் லென்ஸுக்குள் ஈரத்தைக் கண்டதும் பலர் முதலில் செய்வது, ஒரு சிலிக்கான் குழாயை எடுத்து விளிம்பு முழுவதிலும், பின்புறம் கண்ணில் படும் துளைகள் அனைத்திலும் பூசி அடைத்துவிடுவதுதான். உள்ளே புகுந்த நீரை அங்கேயே நிரந்தரமாகக் குடிவைக்க இதைவிட உறுதியான வழி வேறில்லை. ஈரத்தை உலர்த்துவது இந்த வேலையில் எளிதான பகுதி. அது எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பொறுமையைச் சோதிப்பது. அந்த வழியைக் காட்டிக்கொடுக்கும் தடயங்களோ, ஈரம் இருக்கும்வரை மட்டுமே இருக்கும். ஆகவே ஹேர் டிரையரைக் கையில் எடுப்பதற்கு முன், ஈரம் எங்கே, எந்த வடிவில், எந்த நேரத்தில் தோன்றுகிறது என்பதைக் கவனித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். விற்றவரிடம் மாற்றிக் கேட்கும் நிலை வந்தாலும் அந்தப் படங்கள்தான் பேசும்.

விளக்கு ஏன் முழுதாக அடைக்கப்படுவதில்லை

ஹெட்லைட் என்பது காற்றுப் புகாத பெட்டி அன்று. எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிகிறது. அணைத்தபின் குளிர்ந்து சுருங்குகிறது. 60 டிகிரி செல்சியஸ் வரை சூடான விளக்கின் மீது மழை பெய்து அது 25 டிகிரிக்கு இறங்கினால், உள்காற்றின் கனஅளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். பத்து லிட்டர் கொள்ளும் விளக்கு ஒரு லிட்டர் அளவுக்கு வெளியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அந்த உறிஞ்சல் வறண்ட இடத்தில் இருக்கும் ஒரு காற்றுத்துளை வழியாக நடந்தால் காற்று வரும். அந்தத் துளை அடைபட்டிருந்தால், லென்ஸும் விளக்கின் உடலும் பசையால் சேரும் விளிம்பில் எங்கு பலவீனமான ஒட்டு இருக்கிறதோ, அங்கே நின்றுகொண்டிருக்கும் மழைநீர் உள்ளே இழுக்கப்படும். பிரீதர் எனப்படும் இந்தக் காற்றுத்துளைகள் விளக்கின் பின்பக்கத்தில், வளைந்த ரப்பர்க் குழாயாகவோ, நுரைப்பஞ்சு வைத்த சிறு மூடியாகவோ, நீரைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் வெள்ளை வட்டப் படலமாகவோ இருக்கும். பெரும்பாலும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருப்பதால், சூடான காற்று மேல்வழி வெளியேறிக் கீழ்வழி புதுக்காற்று உள்ளே வரும்.

ஆஃப்டர்மார்க்கெட் விளக்குகளில், அதாவது கார் நிறுவனத்தின் அசல் அல்லாமல் வேறு தயாரிப்பாளர்கள் செய்து விற்பவற்றில், கோளாறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. குழாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை இருக்கும். அல்லது மூடி, விளக்கு வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே கழன்று விழுந்திருக்கும். சிலவற்றில் ஒரே ஒரு பிரீதர் மட்டும் இருக்கும். புதிய விளக்கைப் பொருத்துவதற்கு முன் அதைப் பழைய அசல் விளக்கின் பின்புறத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எது குறைகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

விளக்கை எரியவிட்டுப் பார்ப்பதைத் தவிர மற்ற எந்தச் சோதனைக்கும் முன் விளக்கை அணைத்து ஆறவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஸெனான் விளக்குகள் என்றும் சொல்லப்படும் எச்ஐடி விளக்குகளில் இது வெறும் சம்பிரதாயம் அன்று. அவற்றை எரியத் தொடங்கச் செய்யும் மின்துடிப்பு 20,000 வோல்ட்டையும் தாண்டும்.

மெல்லிய பனிப்படலம் தோன்றித் தானாக மறைகிறது

குளிர்ந்த காலையிலோ, மழை விட்ட பின்போ, கழுவிய பின்போ லென்ஸின் உட்புறத்தில், பெரும்பாலும் பல்பிலிருந்து தொலைவான மூலையில், ஊதினால் படிவது போன்ற மெல்லிய மூட்டம் தோன்றி, விளக்கை எரியவிட்டு ஓட்டியதும் கலைந்துவிட்டால், அது பழுது அன்று. உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த லென்ஸில் படிகிறது, அவ்வளவுதான்.

இதை ஒரு சிறு கணக்கால் உறுதி செய்துகொள்ளலாம். ஈரப்பதம் நிறைந்த 30 டிகிரிக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தங்கும். பத்து லிட்டர் கொள்ளும் விளக்கில் இந்த வித்தியாசம் 0.13 கிராம், அதாவது இரண்டு மூன்று சொட்டு. உள்காற்றின் ஈரத்தால் மட்டும் உண்டாகக்கூடியது இந்த அளவுதான். லென்ஸ் முழுவதும் முத்து முத்தாகத் துளிகள் நின்றாலோ, அடியில் ஒரு தேக்கரண்டி நீர் கிடந்தாலோ, அது காற்றிலிருந்து வந்திருக்க முடியாது. திரவமாகவே உள்ளே நுழைந்திருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

புதிய விளக்கில் முதல் சில வாரங்கள் மூட்டம் சற்றுக் கூடுதலாகவே தோன்றலாம். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் சாதாரண சூழலில் தன் எடையில் ஏறத்தாழ 0.15 சதவீதம் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அரைக் கிலோ லென்ஸில் இது முக்கால் கிராம், அதாவது உள்காற்றில் இருக்கும் ஈரத்தைவிட அதிகம். விளக்கு சூடாகும்போது இந்த ஈரம் மெல்ல வெளியேறிக் குளிர்ந்த பகுதியில் படியும். பிரீதர் சரியாக இருந்தால், ஓட்டத்திலேயே இது தணிந்துவிடும்.

எல்இடி விளக்கில் மூட்டம் நெடுநேரம் கலையாமல் நிற்கிறது

ஹாலஜன் பல்பு தான் எடுக்கும் 55 வாட்டில் பெரும்பகுதியை வெப்பக் கதிராக முன்புறமே வீசுவதால், லென்ஸ் தானாகச் சூடாகி மூட்டம் கலையும். எல்இடியில் ஒளியோடு வெப்பக் கதிர் ஏறத்தாழ வருவதே இல்லை. வெப்பம் முழுவதும் எல்இடி சிப்பின் பின்புறத்து உலோகத் தட்டுக்குப் போகிறது. லென்ஸ் குளிர்ந்தே கிடக்கும். அதனால் ஹாலஜனில் பத்து நிமிடத்தில் கலைந்த அதே மூட்டம் எல்இடியில் ஒரு பயணம் முழுக்க நிற்கலாம். இரு பக்க விளக்குகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் மூட்டம் இருந்து, துளியாகத் திரளாமல் இருந்தால், ஒட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பிரீதர்கள் திறந்திருக்கின்றனவா, தூசியால் அடைபட்டிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஹாலஜனுக்காகச் செய்த விளக்கில் எல்இடி பல்பை மாற்றிப் போட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல்பின் பின்புற விசிறியும் வெப்பத்தட்டும் நீளமாக இருப்பதால், பழைய மூடி பொருந்தாமல் போய், சிலர் அதை வெட்டி ஓட்டை போடுவார்கள்; சிலர் கழற்றியே வைத்துவிடுவார்கள். எஞ்சின் அறையின் நீராவியும், சக்கரம் வீசும் சேற்றுநீரும் அந்த வாயிலில் தடையின்றி நுழையும். எல்இடி பல்பு போட்ட பிறகுதான் ஈரம் வரத் தொடங்கியது என்று யாராவது சொன்னால், முதலில் மூடியைத்தான் கேட்பேன். ஆழமான ரப்பர் மூடிகள் தனியாகக் கிடைக்கின்றன. விட்டத்தை அளந்து வாங்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் ஈரம்

இரண்டு விளக்குகளும் ஒரே நாளில் ஒரே மழையில் நனைந்து, ஒன்று மட்டும் ஈரம் கோத்தால், வானிலையைக் குறைகூற இடமில்லை. வறண்ட பக்கத்து விளக்கைக் கண்முன் மாதிரியாக வைத்துக்கொண்டு, பல்பு மூடி முழுதாகத் திருகிப் பூட்டியிருக்கிறதா, அதன் ரப்பர் வளையம் மடங்கியோ பிதுங்கியோ இருக்கிறதா, பிரீதர்க் குழாய் இருக்கிறதா, அதன் வாய் கீழ்நோக்கியிருக்கிறதா என ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பல்பு மாற்றிய பக்கத்தில்தான் ஈரம் என்றால், விடை பெரும்பாலும் அந்த மூடியிலேயே இருக்கும். மூடி பூட்டியதுபோலத் தோன்றி ஒரு பக்கம் மட்டும் உட்காராமல் இருப்பது சர்வ சாதாரணம். விரலை மூடியின் விளிம்பைச் சுற்றி ஓட்டினால் தூக்கி நிற்கும் இடம் தட்டுப்படும்.

மூடியில் குறையில்லை என்றால், விளக்கைத் தாங்கும் கொக்கிகளையும் திருகுகளையும் பார்க்க வேண்டும். ஆஃப்டர்மார்க்கெட் விளக்கின் அளவு ஓரிரு மில்லிமீட்டர் பிசகி, திருகை இறுக்கும்போது உடல் முறுக்கிக்கொண்டால், அந்த இழுவையில் லென்ஸின் ஒட்டு ஒரு மூலையில் பிளந்துகொள்ளும். திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது விளக்கு தன்னிச்சையாக நகர்ந்து வேறு நிலைக்கு வருகிறது என்றால், அது வலிந்து பொருத்தப்பட்டிருக்கிறது. இடைவெளிக்கு வாஷர் வைத்துத் திருகுவதே சரி. இன்னும் பலமாக இறுக்குவது அன்று.

கழுவிய பின்போ மழைக்குப் பின்போ துளிகளும் வழிந்த தடங்களும்

துளிகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லென்ஸின் மேல்விளிம்பிலிருந்து கோடாக வழிந்திருந்தால் மேல் ஒட்டு. ஒரு பக்க விளிம்பையொட்டித் துளிகள் வரிசையாக நின்றால் அந்தப் பக்க ஒட்டு. ஒளியை முன்னோக்கித் திருப்பும் பளபளப்பான கிண்ணமான ரிஃப்ளெக்டரின் பின்பகுதியில், பல்புத் துளையைச் சுற்றி ஈரம் என்றால் மூடி அல்லது பல்பின் வளையம். லென்ஸில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்பதையும், ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். கல் பட்ட இடத்திலும் திருகுக் காதுகளின் வேரிலும் அவை ஒளிந்திருக்கும்.

பலர் நினைத்தே பார்க்காத இன்னொரு வழி, வயர். உள்ளே பல மெல்லிய செம்பு இழைகள் கொண்ட வயரில், வெளிமுனை நனைந்த இடத்தில் இருந்தால், இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக நீர் உறிஞ்சப்பட்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பயணம் செய்து, விளக்கின் உள்ளே போய்ச் சொட்டும். பகல்நேர விளக்கு, வளைய விளக்கு போன்றவற்றுக்காகத் தனி வயர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடல்களில் இது அதிகம். வெளியில் வயரை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அதுவே நுழைவாயில். அந்த இணைப்பைப் பசையுள்ள வெப்பச் சுருங்கு குழாயால் மூடி, விளக்கினுள் நுழையும் முன் வயர் ஒருமுறை கீழே தாழ்ந்து மேலேறுமாறு வளைத்துக் கட்டினால், உறையின் வெளியே ஓடிவரும் நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும்.

இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், குழாய்நீர்ச் சோதனை செய்யலாம். விளக்கை முதலில் முழுதாக உலர்த்தியிருக்க வேண்டும். பின்னர் அழுத்தம் குறைந்த நீரைக் கீழ்விளிம்பில் மட்டும் சில நிமிடங்கள் விட வேண்டும். உள்ளே ஒன்றும் தெரியாவிட்டால் பக்கவிளிம்புக்கும், அதன்பின் மேல்விளிம்புக்கும் செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா விளிம்பிலும் வழிந்து, எது ஓட்டை என்பதே தெரியாமல் போகும். உயர்அழுத்த நீர்த்துப்பாக்கியை இந்தச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. அதை அருகில் பிடித்து ஒட்டின் மீது அடித்தால், நல்ல விளக்கிலும் நீர் ஏறும்.

விளக்கைக் கழற்றி எடுத்துவிட்டால் இன்னும் துல்லியமான முறை உண்டு. எல்லா மூடிகளையும் பூட்டி, ஒரு பிரீதரைத் தவிர மற்றவற்றை டேப்பால் அடைத்து, எஞ்சிய ஒன்றில் மீன்தொட்டிக் காற்றுப் பம்பின் குழாயைச் செருகி, சோப்பு நுரையை விளிம்பெங்கும் பூச வேண்டும். ஒட்டு பிளந்த இடத்தில் நுரை மெல்லக் கொப்புளமாக எழும். ஒரு கணம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்து, பிறகு ஊசிமுனை அளவு இடத்திலிருந்து சிறு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் பிறந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தை உடனே மார்க்கரால் குறித்துக்கொள்ள வேண்டும். பம்ப் இல்லையெனில் வாயால் ஊதலாம். ஆனால் மூச்சுக்காற்று ஈரம் நிறைந்தது என்பதால், அதை உலர்த்துவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இணைத்தால் நல்ல ஒட்டும் பிளந்துவிடும்.

அடியில் நீர் தேங்கி, வண்டி ஆடும்போது ஆடுகிறது

இந்த நிலையில் விளக்கை எரியவிட்டே உலர்த்திவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பல்பின் சூட்டில் அந்த நீர் ஆவியாகி, லென்ஸிலும் ரிஃப்ளெக்டரிலும் படிந்து, மீண்டும் வழிந்து, அதே தொட்டிக்குத் திரும்பும். வெளியேறும் வழியோ ஒரு சிறு பிரீதர் மட்டும். விளக்கைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றியபின் பல்புகளையும் மூடிகளையும் எடுத்துவிட்டு, விளக்கைச் சாய்த்துத் திருப்பி நீரை வடிக்க வேண்டும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. விளக்கினுள் துணியோ பஞ்சோ விட்டு ரிஃப்ளெக்டரைத் துடைக்கவும் கூடாது. அந்தப் பளபளப்பு, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியத்தின் மிக மெல்லிய பூச்சு. ஒருமுறை கீறினால் திரும்ப வராது. எஞ்சிய நீரைத் துளைவழி ஒரு மெல்லிய குழாயை விட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சலாம். அதுவும் நீரை உறிஞ்சத் தக்க வகையாக இருந்தால் மட்டுமே.

பிறகு ஹேர் டிரையர். வெப்பம் ஏன் உதவுகிறது என்பதை அறிந்தால் அதை எவ்வளவு பயன்படுத்துவது என்பதும் தெரியும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 17 சதவீதத்துக்கு விழுந்துவிடும். அந்த வறண்ட சூடான காற்று தான் தொடும் நீரையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆனால் அது வெளியேற வேண்டும். ஒரு பல்புத் துளையில் காற்றை விட்டு, இன்னொரு துளையைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மிதமான சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல், கை பொறுக்கும் அளவுக்குள் வைத்தால் போதும். வெப்பத் துப்பாக்கியை இதற்கு எடுக்கக் கூடாது. அதன் காற்று பல நூறு டிகிரிக்குப் போகும், பாலிகார்பனேட்டோ 147 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும், பின்புற உடலான பாலிபுரொப்பிலீன் அதற்கு வெகு முன்னரே வளையும்.

கண்ணுக்குத் தெரியும் நீர் போனபின் நின்றுவிடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. உள்ளே இப்போது இருப்பது வெளிக்காற்றுதான். மேலே சொன்ன 30 டிகிரிக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனிக்கத் தொடங்கும். லென்ஸின் மூலைகளிலும் பிளாஸ்டிக்கிலும் இன்னும் ஈரம் ஒட்டியிருக்கும். ஆகவே இறுதிக் கட்டத்தை வறண்ட காற்றால்தான் முடிக்க வேண்டும். ஒரு பாட்டிலில் சிலிக்கா ஜெல் மணிகளை நிரப்பி, மூடியில் இரண்டு துளையிட்டு, மீன்தொட்டிப் பம்பின் காற்றை அடிவரை இறங்கும் குழாயால் ஒரு வழியில் விட்டு மறுவழியில் எடுத்து, விளக்கின் பல்புத் துளைக்குள் மெல்ல ஒரு இரவு முழுவதும் ஓடவிட்டால், நான் பார்த்த எந்த முறையையும்விட இது நன்றாக உலர்த்துகிறது. சூடு இல்லை, கீறல் இல்லை, பக்கத்தில் நிற்க வேண்டியதும் இல்லை. பம்ப் இல்லாதவர்கள், சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி, நூலின் முனை வெளியே இருக்குமாறு உள்ளே தொங்கவிட்டு, எல்லாத் துளைகளையும் மூடி இரண்டு நாள் வைக்கலாம்.

சிலிக்கா ஜெல் தன் எடையில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஈரத்தை ஏற்கும்; நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு பச்சையாகும்போது நிறைந்துவிட்டது என்று பொருள். 120 டிகிரியில் ஓவன் அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி தயாராகும். நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. உலர்த்திய பின் பையை எடுத்துவிட வேண்டும். விளக்கினுள்ளேயே நிரந்தரமாகப் போட்டுவைக்கும் யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது. பிரீதர் வழியாக நாள்தோறும் புதுக்காற்று வருவதால் அது சில நாட்களிலேயே நிறைந்துவிடும், அதன்பின் சூட்டில் ஈரத்தைத் திருப்பித் தரும், அவிழ்ந்தால் மணிகள் பல்பருகே உருளும்.

விளக்கின் அடியில் ஒரு துளையிட்டு நீரை வடியவிடும் யோசனையும் உண்டு. வேறு எதுவும் கைகொடுக்காத பழைய டெயில் லைட்டுக்கு, பின்புறத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் துளை என்றால் ஏற்றுக்கொள்வேன். ஹெட்லைட்டில் அது சாலைத் தூசிக்கும் சேற்றுச் சாரலுக்கும் கதவு திறப்பதாகவே முடியும்.

உலர்த்தினாலும் ஓரிரு நாளில் அதே இடத்தில் ஈரம்

நுழைவழி இன்னும் திறந்திருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. முந்தைய சோதனையில் எதுவும் சிக்கவில்லை என்றால், சோதனை விளக்கு ஆறியிருந்தபோது நடந்திருக்கும். கார் நின்றபின் குளிரும்போதுதான் உறிஞ்சல் நடப்பதால், விளக்கை அரை மணி நேரம் எரியவிட்டு, அணைத்து, உடனே மெல்லிய நீரை விளிம்பில் விட்டுப் பார்க்க வேண்டும். ஓடும்போது மட்டும் ஈரம் வருகிறது, நிறுத்தி நனைத்தால் வருவதில்லை என்றால், சக்கர வளைவின் உள்ளுறை கிழிந்து, டயர் வீசும் நீர் விளக்கின் பின்புறத்தில் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது குற்றவாளி விளக்கே அன்று.

தனியாகப் பொருத்தும் ஃபாக் லைட், எல்இடி பார் விளக்குகளில் ஈரம்

தூசியும் நீரும் புகாமையைக் குறிக்கும் தர எண்ணான ஐபி67 என்று அட்டையில் போட்டிருந்தும் உள்ளே நீர் வந்துவிட்டது என்பது அடிக்கடி கேட்கும் மனத்தாங்கல். அதிலுள்ள 7 என்ற எண், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கியதைக் குறிக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் நீரும் பொருளும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும். கொதிக்கக் கொதிக்க எரிந்த விளக்கைக் குளிர்ந்த ஓடைநீரில் இறக்கும்போது உண்டாகும் உறிஞ்சலை அது அளப்பதில்லை. நீரில் இறங்குவதற்கு முன் விளக்கை அணைத்துச் சிறிது ஆறவிடுவது அதனால்தான்.

இவ்வகை விளக்குகளில் முன்சட்டம் திருகுகளால் இறுக்கப்பட்டு, நடுவே ரப்பர் வளையம் இருக்கும். பின்னால் வயர் நுழையும் இடத்தில் ஒரு இறுக்கு நட்டும், அருகே திருகு போன்ற சிறு பிரீதரும் இருக்கும். அந்தப் பிரீதரைக் கூடுதல் திருகு என்று எண்ணிப் பசை பூசி அடைப்பவர்கள் உண்டு. அதைத் திறந்து சுத்தம் செய்தாலே சில விளக்குகள் சரியாகிவிடும். இல்லையேல் திருகுகளைக் கழற்றி, வளையம் நெரிந்த இடத்தைப் பார்த்து, உலர்த்தி, புதிய வளையத்தைச் சிறிதளவு சிலிக்கான் கிரீஸ் தடவி வைத்து, திருகுகளை எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஹெட்லைட்டைவிட இவை பழுது பார்க்க எளியவை.

ஈரம் போன பின்பும் வெண்படலம் நிற்கிறது

அது ஈரமே அன்று. துளி நின்ற இடத்தில் வட்டம் வட்டமாக இருந்தால் நீரிலுள்ள உப்பு. பரவலாக, எண்ணெய் பூசியது போன்ற மங்கலாக இருந்தால், மலிவான பிளாஸ்டிக்கும் பசையும் சூட்டில் கக்கும் ஆவி லென்ஸில் படிந்தது. உள்ளே சூப்பர் குளூவால் எதையாவது ஒட்டியிருந்தால் அதன் ஆவியும் இப்படி வெளுப்பாகப் படியும். இவற்றை எவ்வளவு உலர்த்தினாலும் போகாது. விளக்கைப் பிரித்து, மிதமான சோப்புநீரும் மென்துணியும் கொண்டு லென்ஸை மட்டும் துடைக்கலாம். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் ஆகியவை பாலிகார்பனேட்டில் நுண்விரிசல்களை உண்டாக்கிவிடும்.

விளக்கு மினுக்குகிறது, ஒரு பகுதி எரிவதில்லை

ஈரம் சாக்கெட்டையோ, எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் இயக்கியையோ எட்டிவிட்டது. முனைகளில் பச்சைப் படிவு தெரிந்தால் காண்டாக்ட் கிளீனர் தெளித்துத் துலக்கி, உலர்ந்தபின் மின்காப்புக் கிரீஸ் தடவலாம். இயக்கியின் சர்க்யூட் பலகையே அரித்திருந்தால் அதை மாற்ற வேண்டியதுதான். கனெக்டர் உருகியோ கருகியோ இருந்தால், மாற்றும்வரை விளக்கை எரியவிடாதீர்கள்.

லென்ஸைப் பிரித்து மீண்டும் ஒட்டுவது

ஒட்டு ஓரிடத்தில் மட்டும் பிளந்து, அது வெளியிலிருந்து எட்டும் இடமாக இருந்தால், பிரிக்கத் தேவையில்லை. அந்த இடத்தைச் சுத்தம் செய்து உலர்த்தி, பிளவுக்குள் இறங்குமாறு பசையை அழுத்தி நிரப்பினால் போதும். பசைத் தேர்வில் மட்டும் அலட்சியம் கூடாது. வினிகர் வாசனை வீசும் சிலிக்கான், காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அது ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சையும் மின்முனைகளையும் அரிக்கும். நடுநிலை வகை என்றும், பாலிகார்பனேட்டுக்கு ஏற்றது என்றும் குறிப்பிட்ட சிலிக்கானையே வாங்க வேண்டும். பூசியபின் குறைந்தது ஒரு நாள் மூடிகளைத் திறந்துவைத்துக் காயவிட வேண்டும்.

விளிம்பு முழுவதும் மோசம் என்றால், உள்ளிருப்பது கறுப்பாக, நகத்தால் அழுத்தினால் பதியும் பியூட்டில் பசையா என்று பாருங்கள். பியூட்டில் சூட்டில் இளகும். நகம் பதியாத கடினப் பசை இளகாது, அத்தகைய விளக்கை வீட்டில் பிரிக்க முயல்வது லென்ஸை உடைப்பதில் முடியும். டெயில் லைட்டுகள் பெரும்பாலும் பசையின்றி நேரடியாக உருக்கிப் பற்றவைக்கப்பட்டவை என்பதால் அவற்றையும் சூடாக்கிப் பிரிக்க முடியாது. மேலும், பிரித்த விளக்கை எந்த விற்பனையாளரும் திரும்ப எடுக்கமாட்டார். உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் ஈரத்தோடேயே திருப்பிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பியூட்டில் ஒட்டுக்கு, பல்பு, மூடி, திருகு, உலோகக் கிளிப் அனைத்தையும் கழற்றி, ஓவன் அடுப்பை 100 டிகிரிக்குச் சூடாக்கி, விளக்கு அடுப்பின் சுவரையோ சூடேற்றும் கம்பியையோ தொடாதவாறு மரப்பலகை மேல் வைத்து, எட்டிலிருந்து பத்து நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்திருக்க வேண்டும். கையுறையோடு எடுத்து, ஒரு மூலையிலிருந்து தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலால் மெல்லப் பிரித்தால், பசை நூல் நூலாக இழுபட்டுக்கொண்டே விலகும். இறுகிவிட்டால் மீண்டும் சில நிமிடம் வைக்க வேண்டுமே தவிர, வெப்பத்தைக் கூட்டக் கூடாது. பழைய பசையைப் பள்ளத்திலிருந்து முழுதாக எடுத்துவிட்டு, புதிய பியூட்டில் கயிற்றை இடையில் வெட்டில்லாமல் ஒரே சுற்றாக, தொடங்கிய இடத்தில் சற்று ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பதிக்க வேண்டும். மறுபடி சில நிமிடம் சூடாக்கி, லென்ஸை அழுத்தி, எல்லாப் பக்கமும் கிளாம்ப் போட்டு ஆறவிட்டு, கழற்றிய திருகுகளையும் கிளிப்புகளையும் ஒன்று விடாமல் பொருத்த வேண்டும்.

காரில் ஏற்றுவதற்கு முன் சோப்பு நுரைச் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்து, பிரீதரில் ஒட்டிய டேப்பை மறக்காமல் உரித்துவிட வேண்டும். பொருத்தியபின், சமதரையில் சுவரை நோக்கி நிறுத்தி லோ பீம் ஒளியின் மேல் எல்லையான வெட்டுக்கோடு இரு பக்கமும் ஒரே மட்டத்தில் விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கழற்றி மாட்டிய விளக்கு பழைய கோணத்திலேயே அமர்வது அரிது.